அப்பாவுக்கும் மாமாவுக்கும் இடையே ஐம்பது அடி

பெருமதிப்பிற்குரிய யுவராணி மதினி அவர்களின் சமூகத்துக்கு, ராஜபாளையத்திலிருந்து உங்கள் அத்தை மகன் மாரீஸ்வரன் வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கு நான், அம்மா, தங்கச்சி யாழினி மூவரும் நலம். அப்பாவின் முட்டி நலமில்லை, காரணம் கீழே வரும். தங்கள் நலத்தையும், சென்னையில் தங்கள் ரேடார் திரையில் புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும் விமானங்களின் நலத்தையும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போன் இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. பரீட்சைத் தாளில் குடிநீர் கேட்டு ஆணையருக்கு எழுதியவற்றை விட்டால் இதுதான் என் முதல் கடிதம், அதனால் பிழை பொறுத்து மதிப்பெண் போடவும்.

விஷயம் யாழினியின் காது. பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், எங்கள் தாய்மாமன் உங்கள் அப்பா, உங்கள் அப்பாவும் என் அப்பாவும் பேசுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுதிவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி. மம்சாபுரத்தில் நீங்கள் புது வீடு கட்டியபோது அப்பா ஆசையாக ஒரு பீரோ வாங்கி வந்தார், அது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது, பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் கை கழுவிவிட்டு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கடைசியில் மாமா வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு அதன் காலை எல்லாம் அறுத்துவிட்டார். “நான் குடுத்த பீரோவை நொண்டியாக்கிட்டான்” என்று அப்பாவும், “படி அகலத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டுல்லா வாங்கியிருக்கணும்” என்று மாமாவும் அன்றைக்குப் பிரிந்தவர்கள்தான். யாழினி பிறந்தபோதுகூட மாமா வந்து பார்க்கவில்லை. உங்கள் வேலையில் விமானம், எங்கள் வீட்டில் மானம். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் உங்களுடையது தரையிறங்கிவிடும்.

இந்தத் தடவை அம்மா ஒரே பிடியாக நின்றாள். “எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். கல்யாணத்துக்கு ஒட்டுற தோடு போட்டுக்கிடட்டும்” என்றாள். அப்பா கொஞ்சம் உயரம் குறைந்தார். “வரட்டும், மடியில வச்சுக்கிடட்டும், போகட்டும். நான் அங்கிட்டு நிக்க மாட்டேன்.” மாமாவும் போனில் சம்மதித்தார். “வாரேன் தாயி. அவரு மூஞ்சியில மட்டும் என்னைய முழிக்க வச்சிராத.” அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏலே, ஊர்ல எல்லாரையும் முட்ட விட்டு வேடிக்கை பாப்பேல்ல. இந்த ரெண்டு பேரையும் முட்டாமப் பாத்துக்கிடு பாப்போம்.”

அதன் பிறகுதான், விமானங்களை முட்டாமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருக்கும் உங்களுக்குப் போன் போட்டேன். “ரெண்டு விமானத்துக்கு நடுவுல பக்கவாட்டுல அஞ்சு கடல் மைல் இருக்கணும், இல்ல உயரத்துல ஆயிரம் அடி இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும்லே” என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஐந்து கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். நம் இரண்டு வீட்டுக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான், ஆக இத்தனை காலமும் அவர்கள் விதிப்படிதான் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் அதைச் சுருக்கி ஐம்பது அடி என்று வைத்தேன். மலையடிவாரத்து அய்யனார் கோவிலில் ஆற்றுக்கு இந்தக் கரையில் மாமா, காது குத்தும் ரத்தினம் ஆசாரி, சீர்த்தட்டு. அந்தக் கரை மேட்டில் சமையல், மேற்பார்வைக்கு அப்பா. நடுவில் ஆற்றைத் தாண்ட வரிசையாகக் கிடக்கும் கற்கள். கரைக்கு ஒருவனாக என் கூட்டாளிகள் ஜெபாவும் வினோத்தும், ஆளுக்கொரு விசிலோடு. “மோதப் போகுதுன்னு முன்கூட்டியே சத்தம் குடுக்கணும், மோதின பொறவு கத்துனா அதுக்குப் பேரு எச்சரிக்கை இல்ல, ஒப்பாரி” என்று நீங்கள் சொன்னதை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன். இரண்டு பெரியவர்களிடமும் சமையல்காரரிடமும் தனித்தனியாக, விசில் கேட்டால் யானை இறங்கியிருக்கிறது, இருந்த இடத்துக்கே திரும்பிவிடுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

சும்மா சும்மா சத்தம் போடும் எச்சரிக்கைதான் எல்லாவற்றையும்விட ஆபத்து, பிறகு நிஜ ஆபத்திலும் ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னீர்கள். அதைச் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டேன், கடைப்பிடிக்கத்தான் முடியவில்லை. சோதனை ஓட்டம் என்று ஒரு விசில் அடிக்கச் சொன்னேன், சமையல்காரர் சோணைமுத்து கரண்டியோடு வேன் உச்சியில் ஏறி நின்றார். அந்தக் காட்சி அவ்வளவு நன்றாக இருந்ததால் இன்னொரு சோதனை, அப்பா சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மூன்றாவது சோதனைக்கு யாரும் அசையவில்லை. “யானை வந்தா இலையைப் போட்டு உக்கார வைங்கலே, சோறு வெந்துட்டு” என்றார் சோணைமுத்து.

இந்த நிலையில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமா மடியில் உட்கார்ந்திருந்த யாழினி, ஆசாரி ஊசியை வெளியே எடுத்ததைப் பார்த்துவிட்டாள். வழுக்கிக்கொண்டு இறங்கி நேரே ஆற்றுக் கற்களில் ஓட ஆரம்பித்தாள். உங்கள் ரேடாரில் இப்படி அனுமதி வாங்காமல் ஒன்று கிளம்பினால் என்ன செய்வீர்களோ தெரியாது, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார், அந்தக் கரையிலிருந்து அப்பா பிள்ளையைப் பார்த்துவிட்டு எதிரே ஓடி வந்தார். ஜெபாவும் வினோத்தும் கன்னம் வெடிக்கும் அளவுக்கு விசில் அடித்தார்கள். ஒருத்தர் திரும்ப வேண்டுமே. என் ரேடார் டார் டாராகக் கிழிந்தது. ஆற்று நடுவில் ஒரு பெரிய பாறை, அதில் யாழினி, அவளுக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் முட்டியைப் பாறையில் இடித்துக்கொண்டு அப்பா. இடைவெளி பிள்ளையின் அகலம். ஒருவருக்கொருவர் வழி விட அப்பா ஒதுங்கினார், மாமாவும் அதே பக்கம் ஒதுங்கினார். இருவரும் மறுபக்கம் ஒதுங்கினார்கள். பாசிப் பாறை, வழுக்கினால் மூவரும் தண்ணீரில்.

“அப்பா, பின்னாடி வாங்க” என்று நான் கத்தினேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. கடைசிக் கணத்தில் விமானத்துக்குள்ளேயே இருக்கும் கருவி ஒருவரை ஏறச் சொல்லும், இன்னொருவரை இறங்கச் சொல்லும், அப்போது கீழேயிருந்து நீங்கள் பேசினால்கூட விமானி கேட்கக் கூடாது என்று சொன்னீர்களே, அந்தக் கருவி எங்கள் அம்மா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று, “அண்ணே, நீ உக்காரு. ஏங்க, நீங்க நில்லுங்க. ரத்தினம் அண்ணாச்சி, அங்க வச்சே குத்துங்க” என்றாள்.

மாமா உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தார். அப்பா நின்றபடி குனிந்து மொட்டைத் தலையைப் பிடித்தார். ஆசாரி ஊசியோடு கற்களைத் தாண்டி வந்து சேர்ந்தார். பிறகு அப்பா ஆற்றைப் பார்த்து, “காலை இறுக்கிப் புடிக்கச் சொல்லு” என்றார். மாமா மலையைப் பார்த்து, “அதெல்லாம் புடிச்சிருக்கு. தலை ஆடாமப் பாத்துக்கிடச் சொல்லு” என்றார். யாழினி அழுதுகொண்டே, “அப்பா, மாமா தலையப் புடிக்கச் சொல்லுதாரு” என்று தகவலை ஒழுங்காகச் சேர்த்தாள். ஆசாரி ஊசியை வைத்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அப்பா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தார்.

“மச்சான், கண்ணைத் தொறங்க. விழுந்தா எல்லாரும் போயிருவோம்.”

“குத்தியாச்சா மாப்ளே?”

“ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு இருக்கு.”

“ரொம்ப வலிக்குமோ?”

“யாருக்குக் கேக்கிய, பிள்ளைக்கா உங்களுக்கா?”

மாமா கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு கல் கல்லாக அவர்கள் கரைக்கு வருவதை அம்மா தண்ணீருக்குள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து பக்கத்து இலையில்தான் சாப்பிட்டார்கள். யானை ரகசியத்தை சோணைமுத்து உடைத்தது பாயசத்தின்போது, என் போன் பறிபோனது மோரின்போது.

ஆகவே மதினி, இரண்டு வீட்டிலும் அமைதி நிலவுகிறது. தீபாவளிக்கு நீங்கள் தைரியமாக எங்கள் வீட்டுக்கும் வரலாம், அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட இப்போதே நாள் பார்க்கிறாள். தங்கள் வானத்தில் எல்லாப் புள்ளிகளும் தள்ளித் தள்ளியே போகட்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொள்ளும்,

பணிவுள்ள,
மாரீஸ்வரன்

பின்குறிப்பு: அமைதி என்று எழுதியதை அடித்துவிடவும். உறையை ஒட்டுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு நீங்கள் முதலில் இறங்க வேண்டியது உங்கள் வீட்டுக்குப் பக்கமான ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலா எங்கள் ராஜபாளையம் ஸ்டேஷனிலா என்று மாமாவும் அப்பாவும் போனில் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் என் போனில், என் காசில். அம்மா அடுப்படியில் சிரிக்கிறாள். நடுவில் புகுந்து விலக்கவா என்று கேட்டேன், சும்மா இருலே என்றாள். நானும் விசிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். நன்றாக மோதட்டும் மதினி.