ரெஜிஸ்டர் நாற்பதில் இருந்த ஒன்று

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி எல்லோரும் நலம். வெல்டரின் இடது கால் மட்டும் நலமில்லை. உங்கள் புது வேலை, புது அறை, பழைய வயிற்றுவலி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று சாவகாசமாக எழுதுங்கள். இதை மட்டும் உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் தொழிற்சாலை கிரேனுக்கு நீங்கள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன வயர்லெஸ் கண்ட்ரோலர்தான் விஷயம், கிரேனில் ஒரு பெட்டி, என் கையில் ஒரு ரிமோட். கேபிளில் தொங்கிய பழைய பட்டன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிரேன் பின்னாலேயே நடந்த காலத்தில் எனக்குக் கால் வலித்தது, மனசு வலிக்கவில்லை. நீங்கள் போன கையோடு மேனேஜர் வாசல் கேட்டுக்கும் அதே பெட்டியை வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து நான் கிரேனை 'மேலே' என்று அமுக்கினால் கேட் திறந்தது, 'கீழே' என்று அமுக்கினால் மேனேஜர் காரின் மூக்கில் மூடியது. போன் செய்தேன். மூடிக்குள் எட்டுக் குட்டிச் சுவிட்சுகள் இருக்கும், மூன்றாவதைத் தள்ளிவிட்டால் சேனல் மாறிவிடும் என்றீர்கள். அரிசி அளவுச் சுவிட்ச். என் கண்ணாடியோ வீட்டில். பல்குத்தும் குச்சியால் தள்ளினேன், மூன்றாவதோடு நான்காவதும் துணைக்குப் போய்விட்டது. கிரேன் என் பேச்சையும் கேட்கவில்லை, யார் பேச்சையும் கேட்கவில்லை. பாதி நாள் போராடி நானே சரி செய்தேன். அந்தத் தைரியம்தான் வினையாகப் போயிற்று.

நினைவிருக்கிறதா, கொட்டகை முழுக்க இரும்பு, சிக்னல் அடிக்கடி அறுந்து கிரேன் நின்றுவிடுகிறது, வேலை நடக்கவில்லை என்று மேனேஜர் குதித்தார். அதற்காக நீங்கள், பெட்டிக்குள் எண்களைப் போட்டுவைக்கும் கட்டங்களில் நாற்பதாவதில், உங்கள் பாஷையில் ரெஜிஸ்டர் நாற்பதில், ஒன்று போட்டீர்கள். பூஜ்யம் என்றால், சிக்னல் போனதும் நில். ஒன்று என்றால், கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிரு. இப்படி ஒரு குணம் மனுஷனுக்கு இருந்தால் நாம் பெண் கொடுப்போமா? மறுபடி போன் செய்தேன். "நாற்பதுல பூஜ்யம் போடுங்க மாமா, முடிஞ்சுது" என்றீர்கள். போட்டேன். பெட்டியின் திரையில் பூஜ்யம் தெரிந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் கரண்ட் போய்விட்டு வந்தது. பெட்டிக்கு நான் சொன்னது மறந்துவிட்டது, நீங்கள் சொன்னது மட்டும் நினைவிருந்தது. எண்ணைப் போட்டால் போதாதாம். அதை நிரந்தரமாக வைத்துக்கொள் என்று இன்னொரு ரெஜிஸ்டரில் தனியாக உத்தரவு கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கரண்ட் இருக்கும்வரைதான் அந்த எண்ணுக்கு ஆயுசு. இதை விசாரணைக்கு வந்த இன்ஜினியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை. ஒரு வார்த்தைதானே.

இரும்புத் தூண் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தது. விரலை எடுத்துவிட்டேன், தூண் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே நம் வெல்டர், எல்லோரும் தீப்பொறி என்று கூப்பிடுவோமே அவர், தூணின் அடியைக் காலால் தள்ளி நேராக்கிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். செத்த ரிமோட்டில் அதுவும் செத்துக் கிடந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுப்பதற்குள் தூண் உட்கார்ந்துவிட்டது. தீப்பொறி அலறவில்லை. "அண்ணே, தூக்குங்க" என்று மட்டும் சொன்னார். எதை வைத்துத் தூக்குவேன்? முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கலங்க வேண்டாம். உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது. யார் ஒன்று போட்டது என்று இன்ஜினியர் கேட்டார். ஞாபகமில்லை என்று விட்டத்தைப் பார்த்தேன். மேனேஜரும் என்னைத் தனியே கூப்பிட்டு, மாப்பிள்ளையை இழுத்துவிடாதீர்கள், பாவம் சின்ன வயசு என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். போடச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும் அல்லவா, அந்த அக்கறை. பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போகப் போகிற கிழவனை என்ன செய்துவிடுவார்கள்? உங்கள் மனைவிக்கு இது நிறைமாதம். பிள்ளை பிறக்கும்போது அதன் அப்பாவுக்கு வேலை இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அத்தை உங்களை மிகவும் விசாரித்தாள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பக்கம் நிற்கும் மாமா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். தீப்பொறி என்னைப் பார்த்ததும், "கவலைப்படாதீங்கண்ணே, நான்தான் கவனமில்லாம காலை வெச்சேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். மேனேஜர் வந்து கேட்டாரு" என்றார். பக்கத்தில் அவர் மனைவி எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நேரே இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: போடச் சொன்னது மேனேஜர், போட்டது நீங்கள், கரண்ட் வந்த பிறகு திரையைப் பார்க்காமல் கிரேனை ஓட்டியது நான். உங்களுக்கு நோட்டீஸ் வரும். மேலே எழுதியதில் வேளைக்குச் சாப்பிடுங்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர் ஒன்னு போட்டது எனக்கும் தெரியும்ப்பா. அவர் வரலேன்னா நான் வந்து சொல்றேன்" என்றாள்.