தானாக மூடிக்கொள்ளும் கேஸ் குழாய்

ஹான்காக்,
செவ்வாய்க்கிழமை

பிரியமும் மரியாதையும் உள்ள லெம்பி அத்தைக்கு,

உங்கள் தம்பி ரெய்னோவின் மகள் ஹில்யா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பனி சமையலறை ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது, அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. கிரீன் பேயில் நீங்களும் உங்கள் பேக்கரியும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னார். வலி சுகம் என்று மட்டும் பதில் எழுத வேண்டாமாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பேக்கரியின் பின்பக்கம் மாவு பிசைய ஆள் வேண்டும், நீ வந்து என்னோடு இரு, வாடிக்கையாளர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம், மாவு உன்னைக் கேள்வி கேட்காது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்குகிறேன். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு எல்லாரும் "ஏன் போகல?" என்றுதான் கேட்கிறார்கள். "வா" என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தீர்கள். பதில் இதுதான் அத்தை: என்னால் வர முடியாது. காரணம், நீங்கள் ஊர் மாறிப் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன துணி உலர்த்தும் கேஸ் டிரையர்.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே துணி ஈரமாக வர ஆரம்பித்தது. டிரம் சுற்றுகிறது, சத்தம் போடுகிறது, வேலை செய்வதாக எல்லா நடிப்பும் நடக்கிறது, திறந்து பார்த்தால் அப்பாவின் கம்பளிக் காலுறைகள் உள்ளே போனதைவிட அதிக ஈரமாக வெளியே வருகின்றன. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி முதலில் பஞ்சு சேரும் வலையை உருவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்பா வந்து அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டி, "எங்க அக்கா குடுத்ததுல்ல, அவள மாதிரியே சத்தம் ஜாஸ்தி, சூடு கம்மி" என்றார். (இது அவர் சொன்னது அத்தை, நான் எழுத மட்டும்தான் செய்கிறேன்.) அம்மா உடனே, "உங்க அக்காகிட்ட சூட்டுக்கு ஒரு கொறையும் இல்ல, போனதடவ அவங்க வீட்டுக்குப் போயி நீங்கதான் அழுதுட்டு வந்தீங்க" என்றார். அப்பா வேலை தெரிந்தவர் முகத்தை வைத்துக்கொண்டு இயந்திரத்தை இன்னொரு தட்டுத் தட்டினார்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றால், வீட்டில் ஆம்பள இருக்கும்போது எதற்கு என்று அவருக்குக் கோபம். சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குச் சவுனாவை மூட்டியதும் அவருக்கு யோசனை உதித்துவிட்டது. "இவ்ளோ சூட்ட சும்மா விடுறோமே!" குளித்து முடித்ததும் ஒரு வாரத் துணியையும் சவுனாவுக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட்டார். நன்றாகத்தான் உலர்ந்தது. ஆனால் நம் சவுனா விறகுச் சவுனா, அதன் புகைபோக்கியில் ஓட்டை இருப்பது உங்களுக்கே தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலின் கீழ்த்தளத்தில் எல்லாரும் காபி குடிக்கும்போது பாதிரியார் மூக்கை நிமிர்த்தி, "அடடா, இன்னிக்கு யாரு புகைபோட்ட மீன் கொண்டாந்தது?" என்று ஆசையாகக் கேட்டார். யாரும் மீன் கொண்டுவரவில்லை. நாங்கள்தான் வந்திருந்தோம். காபிக் கோப்பைக்குள் ஒளிய முடியுமா என்று பார்த்தேன், கோப்பை சிறியது.

அன்றைக்கே வெளியே போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் சூடான காற்று சுவர் வழியாக வெளியே போகுமே, அந்தக் குழாயின் வாயே காணோம். கூரைப் பனியை அப்பா தள்ளியது அப்படியே அதன் மேல் மலையாக விழுந்து கிடந்தது. அம்மா சும்மா விடுவாரா? "ஊர் பூரா லாரி ஓட்டி பனி தள்றீங்க, ஒருத்தர் வாசல்லயும் ஒரு கட்டி விழாதுன்னு பேரு. சொந்த வீட்டு மூக்க அடைச்சு வெச்சிருக்கீங்க!" கேஸ் இயந்திரம், காற்று போகும் வழி அடைபட்டால் விஷக்காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பும் என்று நான் மெதுவாகச் சொன்னதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. சாப்பிடாமல் வெளியே போனார். அந்தக் குழாயைச் சுற்றிச் சவப்பெட்டி அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டினார், அப்படியே கடைக்குப் போய் விஷக்காற்று வந்தால் மணி அடிக்கும் கருவி ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வாங்கிவந்தார். அலமாரிக்குள்கூட ஒன்று இருக்கிறது.

பனியை எடுத்தும் சூடு வரவில்லை. இயந்திரம் மூச்சுமுட்டியதில் உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விட்டது. உதிரிபாகக் கடைக்குப் போன் செய்ய வேண்டும். அம்மா வேலையில், அப்பா லாரியில். பேச வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனை எடுத்தேன். அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன், "இங்கே மூச்சு விடு" என்று எனக்காக எழுதி வைத்திருந்ததையும் சேர்த்து. கடைக்காரர், "விட்டுட்டேன், மேல சொல்லும்மா" என்றார். நல்ல மனிதர். ஃபியூஸ் வந்தது, நானே மாட்டினேன், துணி சுடச்சுட வந்தது. முதல் போர்வையை எடுத்து அப்பாவின் தோளில் போர்த்தினேன். அந்த நல்ல நேரம் பார்த்து உங்கள் கடிதத்தைக் காட்டினேன்.

அத்தை, அவர் அதைப் படித்தார், மடித்தார், மறுபடியும் படித்தார். பிறகு, "இந்த மெஷினு நீ கை வைக்காம ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். இதிலென்ன என்று நினைத்தேன். மறுநாளே துணி குளிர்ந்துபோய் வந்தது. கீழே சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால், பற்றவைக்கும் கம்பி சிவப்பாகக் கனல்கிறது, ஒரு "க்ளிக்" கேட்கிறது, நெருப்பு வரவில்லை. பிரித்துப் பார்க்கும் முன்னால் கேஸை அடைக்க வேண்டும் என்பது நீங்கள் சொன்ன முதல் பாடம். பின்னால் கையை விட்டால் குழாயின் பிடி ஏற்கெனவே குறுக்காகத் திரும்பி மூடிக் கிடக்கிறது! "நீதான் அன்னிக்கு ஃபியூஸ் மாட்டிட்டு தொறக்க மறந்திருப்ப" என்றார் அப்பா. அப்படியானால் போர்வை எப்படிச் சுட்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திறந்தேன். ஓடியது. இரண்டு நாளில் திரும்பவும் மூடிக்கொண்டது. திறந்தேன். நேற்றும் மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டு ஆர்வோ மாமா வந்து பார்த்துவிட்டு, "இது அதிர்வுதாம்மா. உங்கப்பன் லாரி தெருவுல வந்தா என் பல்செட்டே ஆடுது, பிடி திரும்பாதா?" என்றார். அப்பா வேகமாகத் தலையாட்டினார். "அதேதான். லாரிதான்." அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு. உங்கப்பா லாரி ரொம்பப் பெருசுதான்."

ஆகவே என் நிலைமை உங்களுக்குப் புரியும். பிடி தானாகத் திரும்புகிறது. அம்மாவின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அப்பாவுக்கு முதுகு வலி, குனிய முடியாது என்று தினமும் சொல்கிறார், நான் இருக்கும்போது இரண்டு தடவை சொல்கிறார். நான் வந்துவிட்டால் இவர்கள் குளிர்காலம் முழுக்கப் புகைபோட்ட மீனாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். அந்த வேறு பெண்ணையே வைத்துக்கொள்ளுங்கள் அத்தை. அவளும் பேசாத பெண்ணாக இருந்தால் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

அப்பா உங்களுக்கு அன்பு சொல்லவில்லை, காருக்குப் பனி டயர் மாட்டினாளா என்று கேட்டார், அவர் அன்பு அதுதான். அம்மாவின் அன்பு. உங்கள் அடுப்பு அணையாமலும் ரொட்டி கருகாமலும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
ஹில்யா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவைத்துவிட்டுத் துணி எடுக்க அடித்தளத்துக்குப் போனேன். டிரையருக்குப் பின்னாலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிய முடியாத அப்பா தரையோடு தரையாகப் படுத்திருந்தார். "அப்பா" என்றேன். தலையை இடித்துக்கொண்டார்.

"பாத்துட்டிருந்தேன்" என்றார்.

"எத?"

"தானா திரும்புதான்னு."

பிறகு பிடியில் கையை வைத்தபடியே, "அங்க வேளாவேளைக்கு சாப்பாடு கெடைக்குமா?" என்றார். "பேக்கரிப்பா" என்றேன். "ஆமால்ல" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தொறந்தே விட்டுடறேன். வியாழக்கிழமை பஸ்சு. ரோட்ட நான் முன்னாடியே தள்ளி வெச்சிடறேன்" என்றார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

எனவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், நான் வருகிறேன். நீ இல்லாமலும் ஓட்டுவேன், பார் என்று அப்பா என் கம்பளிக் கோட்டைத் தானே துவைத்து, தானே முழுச் சூட்டில் போட்டார். டிரையர் பிரமாதமாக வேலை செய்கிறது. கோட்டின் கைகள் இப்போது என் முழங்கையோடு நிற்கின்றன. பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர் வருத்தப்படுகிறார்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை, நானே கையில் கொண்டுவந்து தருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை கதவருகே நிற்கிறேன். உடனே எதுவும் கேட்காதீர்கள்.