முட்டை வராமைக்கான காரணங்கள்

மனித குலத்தின் புரதப் பற்றாக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை வரலாறு எங்கள் அண்ணனிடம் ஒப்படைத்தது. அவர் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்ததால் வரலாற்றுக்கும் வேறு வழியில்லை. ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் பிரிவுத் தலைவராக இருந்தவர். தலைமை தாங்க எதுவும் இல்லாத நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருக்கும்.

ஆகவே, முட்டைக்கும் கறிக்கும் வீட்டிலேயே காடை வளர்ப்பது 'பயனுள்ளதா' என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அண்ணன் தலைவர். மாடி வீட்டு வழக்கறிஞர் சட்ட ஆலோசகர். நான் உறுப்பினர்; அண்ணன் சொல்வதற்குத் தலையாட்டுவதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே அனுபவம் உண்டு. அண்ணியைச் சேர்க்கவில்லை. அவர் வேலையாக இருந்தார்.

அண்ணி பின்னறையில் துணி தைப்பவர். ஜன்னலோரம் மிஷின், சுவரோடு ஒரு கம்பியில் வெட்டிய துணிகள், பட்டன் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா. அளவு கொடுக்க வரும் பெண்கள் வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். அந்த வீட்டில் வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரே அறை அது. காடைகளுக்கு வெளிச்சமும் காற்றும் இன்றியமையாதவை என்று குழு முதல் கூட்டத்திலேயே கண்டறிந்தது.

"மிஷினைக் கொஞ்சம் ஓரமா தள்ளிக்கோ," என்றார் அண்ணன்.

"ஏற்கெனவே ஓரமாத்தானேங்க இருக்கு."

"இன்னும் கொஞ்சம் ஓரமா."

பறவைகளைத் தேர்ந்தெடுக்கக் குழு நேரில் பண்ணைக்குச் சென்றது. நெஞ்சில் கரும்புள்ளிகளுடன் சில காடைகள் மூலையில் பேசாமல் நின்றன. மற்றவை செம்பழுப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவின. அண்ணன் அலுவலகத்துக்கு ஆள் எடுத்துப் பழகியவர்.

"அந்தப் புள்ளிக்காரங்க வேண்டாம். வாயே திறக்க மாட்டேங்குறாங்க. இவங்களைப் பாரு, என்ன மிடுக்கு."

"எல்லாரும் சீருடை போட்ட மாதிரி இருக்காங்க சார்," என்றார் வழக்கறிஞர்.

பண்ணைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எங்களுக்குத் தெரியும்பா," என்றார் அண்ணன். செந்நெஞ்சர்கள் மட்டும் பெட்டியில் ஏறி, பின்னறைக் கூண்டில் இறங்கினார்கள்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தீவனம் வைக்கப்பட்டது. தண்ணீர் மாற்றப்பட்டது. எச்சம் அள்ளப்பட்டு, தட்டு கழுவப்பட்டது. இவற்றை யார் செய்தார் என்பது குழுவின் ஆய்வு வரம்புக்குள் வரவில்லை. செந்நெஞ்சர்கள் பொழுதெல்லாம் கூவினார்கள். எகிறிக் குதித்துக் கூண்டின் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்கள். ஒருவர் மண்டையை மற்றவர் கொத்தி வழுக்கையாக்கினார்கள். கருத்து வேறுபாடு உயிர்ப்புள்ள அமைப்பின் அடையாளம் என்றார் அண்ணன்.

முட்டை மட்டும் வரவில்லை.

அவசரக் கூட்டம் பின்னறையிலேயே கூடியது. அண்ணி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கும் நேரம். பிள்ளைகளின் சீருடைத் துணிகள் அவர் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அண்ணன் கண்ணை மூடிச் செவிமடுத்தார்.

"கேக்குதா? இந்த மிஷின் சத்தந்தான் காரணம்."

"பிரசவ வார்டுல யாராவது மிஷின் ஓட்டுவாங்களா?" என்றார் சட்ட ஆலோசகர்.

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இதுங்க கத்துற கத்துல என் மிஷின் ஓடுதா இல்லையான்னு எனக்கே தெரியலை."

"அது இயற்கைச் சத்தம். இது இயந்திரச் சத்தம்," என்றார் அண்ணன்.

"சரி, அப்ப நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

குழு மௌனமாக இருந்தது. ஒருமனதான மௌனம் அது.

"தம்பி, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று அண்ணி என்னைக் கேட்டார். நான் தீவனக் கிண்ணத்தைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். மிஷினைத் 'தற்காலிகமாக' அப்புறப்படுத்தத் தீர்மானம் நிறைவேறியது.

அண்ணி சண்டை போடவில்லை. மறுநாள் மிஷின் ஒரு வண்டியில் ஏறி அடுத்த தெருவுக்குப் போனது. மருந்துக் கடைக்குப் பின்னால் காலியாக இருந்த ஓர் அறையை அவரே பேசி முடித்திருந்தார். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார்.

அறையில் இயந்திரச் சத்தம் ஒழிந்தது. முட்டை அப்போதும் வரவில்லை. இதில் இன்னொரு மர்மமும் சேர்ந்துகொண்டது: அதுவரை தானாகக் கழுவிக்கொண்டிருந்த தட்டு, திடீரென்று தன்னைக் கழுவிக்கொள்வதை நிறுத்திவிட்டது. குழு மூக்கைப் பிடித்தபடி கூடியது.

அப்போது துணிப்பையுடன் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "அக்கா இல்லையா?"

"அடுத்த தெருவுல இருக்கா," என்றார் அண்ணன்.

அந்தப் பெண் கூண்டைப் பார்த்தார். "எல்லாத்தையும் ஆணா வாங்கி வெச்சிருக்கீங்களே, கறிக்குங்களா?"

"என்ன சொன்னீங்க?"

"நெஞ்சு செவந்தது ஆணு சார். புள்ளி போட்டதுதான் முட்டை வைக்கும்." சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அண்ணன் குனிந்து ஒவ்வொரு நெஞ்சாக ஆராய்ந்தார். செந்நெஞ்சர்கள் நிமிர்ந்து கூவினார்கள்.

"உங்க அண்ணிக்கு இது தெரிஞ்சிருக்குமோ?" என்றார் அண்ணன் என்னிடம். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கணும்ல?"

"குழுவுல இல்லாதவங்க எப்படி சார் சொல்ல முடியும்?" என்றார் சட்ட ஆலோசகர்.

எஞ்சியது கறி. அறுப்பது யார், தோல் உரிப்பது யார் என்ற கேள்வி எழுந்ததும் மூவரும் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினோம். அங்கே யாரும் இல்லை. காடைகள் வந்த பெட்டியிலேயே பண்ணைக்குத் திரும்பின.

மாலையில் அண்ணனும் நானும் மருந்துக் கடைக்குப் பின்னால் போனோம்.

"ரூம் காலியாயிடுச்சு. நாளைக்கே மிஷினைக் கொண்டு வந்துடலாம்," என்றார் அண்ணன், அனுமதி வழங்கும் குரலில்.

அண்ணி பெடலை நிறுத்தவில்லை. "வேண்டாங்க. இங்க யாரும் என்னை ஓரமா தள்ளிக்கச் சொல்றதில்லை."

குழுவின் இறுதி முடிவை இங்கே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். வீட்டில் காடை வளர்ப்பது பயனற்றது. நெஞ்சை நிமிர்த்திக் கூவுகிறவர்களை மட்டும் ஓர் அறையில் அடைத்து வைத்தால் ஒன்றும் விளையாது என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டது. இதில் காடைகள் மீது குற்றம் இல்லை. அவற்றை அப்படி அடைத்தவர்கள் நாங்கள். எங்களை யாரும் அடைக்கவில்லை. அறையில் இருந்த ஒரே பெண்ணை வெளியே அனுப்பத் தீர்மானம் போட்டுவிட்டு, நாங்களாகவே உள்ளே உட்கார்ந்துகொண்டோம்.