சுண்ணாம்பு ஒட்டாத கை

அவிநாசிபாளையத்தில் அம்மனே இறங்கி வந்து பக்தர்களின் கையைத் தூக்கிவிடுகிறாள் என்று செய்தி பரவியது 2006ஆம் வருடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். வெள்ளகோவிலிலிருந்து வேன், மூலனூரிலிருந்து முருங்கைக்காய் லாரி, திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி டெம்போ என்று ரோடு அடைத்துக்கொள்ளும். பக்தி வளர்ந்ததோ இல்லையோ, அங்கிருந்த பஞ்சர் கடை மாடிக் கட்டடமாக வளர்ந்தது.

அற்புதத்தின் சொந்தக்காரர் கைதூக்கிச் சாமி. முறை ரொம்பச் சுலபம். சுண்ணாம்பு அடித்த ஒரு குறுகலான வாசல். அதன் நடுவில் நின்று, தொங்கவிட்ட கைகளின் புறங்கையால் இரண்டு பக்கச் சுவரையும் வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். செய்வினையைத் தள்ளுகிறோமாம். சாமி மந்திரம் சொல்லிக்கொண்டே அறுபது தடவை சேகண்டி அடிப்பார். பிறகு வாசலைவிட்டு வெளியே வந்து கையைத் தளர்த்தினால், அது தானாக மேலே எழும்பும். இறக்கை முளைத்த மாதிரி.

சிரிக்காதீர்கள். நானும் போனவன்தான். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் கை தூக்காத எனக்கு, அன்றைக்கு இரண்டு கையும் தாமாகவே தூக்கிக்கொண்டன. தேம்பித் தேம்பி அழுதேன். மந்திரித்த பனியன் என்று ஒன்று கொடுத்தார்கள். அதன் அடியில் முக்கோணமாக ஒரு தீய்ந்த அடையாளம். போன மாதம் என் அயர்ன் பாக்ஸ் செய்த வேலை மாதிரியே இருந்தது. 'சேச்சே, சந்தேகப்படக் கூடாது' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான் திருமூர்த்தியின் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அந்த மாதம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பாதிப் பேருக்குத் தோள்வலி. ஷிப்மென்ட் நெருக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் துணியைத் தள்ளினால் தோள் பாட்டா பாடும்? ஆனால் முதலாளிக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. சாமியிடம் ஓடினார்.

"உன் கம்பெனிக்குள்ளயே ஒரு ஆள் செய்வினை வெச்சிருக்குது. எல்லாத்தையும் கூட்டிட்டு வா. எந்தக் கை எந்திரிக்கலையோ, அதுதான் வெச்ச கை" என்றார் சாமி.

தொழிலாளிகள் பன்னிரண்டு பேர் முதலாளியோடு டெம்போவில் போனோம். பதினோரு பேருக்கும் கை எழும்பியது. கடைசியாக மயிலாள். எங்கள் கம்பெனியில் வேஸ்ட் துணி கூட்டி அள்ளுகிற அம்மா. அறுபது சேகண்டி முடிந்தது. வெளியே வந்தாள். கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது.

கூட்டம் 'அய்யய்யோ' என்று இரண்டடி பின்வாங்கியது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் மூன்றடி.

"பாத்தியா! கம்பெனிக்குள்ள மூணு நாள் யாகம் பண்ணோணும்" என்றார் சாமி.

திருமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மயிலா, நாளையிலிருந்து கேட்டுப் பக்கம் வராத."

"ஏனுங்க மொதலாளி, வேலை போனாப் போவுதுங்க" என்றாள் மயிலாள். "செய்வினை வெச்சவன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் எங்க வீதியில தண்ணி எடுக்க விடுவாங்களா?"

நாகஜோதி ஒருத்திதான் முன்னால் வந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஓவர்லாக் டெய்லர். எல்லோரையும்விட அவளுக்குத்தான் தோள்வலி அதிகம்.

"எல்லாரும் புறங்கையக் காட்டுங்க."

காட்டினோம். பதினோரு ஜோடிக் கையிலும் சுண்ணாம்பு. மயிலாளின் கை மட்டும் சுத்தம்.

"ஏக்கா, நீங்க செவத்த அழுத்தவே இல்லையா?"

"வெள்ளைச் செவுராச்சே கண்ணு. எங்கையில அழுக்கு. வெள்ளைத் துணியில கை வெக்காத, வெள்ளையில கை வெக்காதன்னு எட்டு வருசமா மொதலாளிதானுங்க சத்தம் போடுறாங்க. ஒட்டாம நின்னேன்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். தொண்டையில் ஒன்றும் இல்லை.

"சாமி, எனக்கொரு சந்தேகம்" என்றாள் நாகஜோதி. "தூக்குறது அம்மனா, அழுத்துன அழுத்தமா? அண்ணே, இங்க வாங்க."

என்னைத்தான். போனேன்.

"நீங்க இடது கையால மட்டும் அழுத்துங்கண்ணே. வலது கைய சும்மா தொங்கவிடுங்க. சாமி, நீங்க வலது கைக்கு மட்டும் மந்திரஞ் சொல்லுங்க. எது எந்திரிக்குதுன்னு பாப்போம்."

"அம்மனைச் சோதிக்கறதா? குடும்பமே அழிஞ்சு போயிரும்!"

"அழிஞ்சா என் குடும்பம்ல சாமி. நீங்க சேகண்டிய அடிங்க."

கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் விடுமா? "அடிங்க சாமி!" என்றது. அடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வலது கைதான் எழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். போன வாரம் அழுத அழுகைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வெளியே வந்தேன். இடது கை எழும்பியது. தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. மந்திரம் கேட்ட வலது கை, ஹேங்கரில் மாட்டிய சட்டைக் கை மாதிரி தொங்கியது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"ஆஸ்பத்திரில தோள்வலிக்குப் பயிற்சி குடுக்குற அம்மா சொன்னாக" என்றாள் நாகஜோதி. "தோளுக்கு மேல தொப்பி கவுத்த மாதிரி ஒரு தசை இருக்காம். கையப் பக்கவாட்டுல தூக்குறது அதுதான். தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும், தள்ளத் தெரியாதாம். அது சுருங்கி எலும்ப இழுக்கும், நமக்குத் தள்ளுற மாதிரி தெரியும். ஒரு நிமிசம் விடாம இழுத்துச்சுன்னா, நாம விட்டாலும் அது ஒடனே விடாது. மெஷின்ல சுவிட்ச அமத்துன பெறகும் மோட்டார் செத்த நேரம் சுத்துதுல்ல? அதேதான். அக்கா, வாங்க. நல்லா அழுத்துங்க. அழுக்கானா ஆகட்டும்."

மயிலாள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். எட்டு வருடக் கோபத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். இந்த முறை சேகண்டி இல்லை, மந்திரம் இல்லை. கூட்டமே ஒன்று, இரண்டு என்று அறுபது வரை எண்ணியது.

வெளியே வந்தாள். இரண்டு கையும் மெல்ல மெல்ல எழுந்தன. நாங்கள் பதினோரு பேரும் எட்டாத உயரத்துக்கு.

"அட சாமீ!" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர். புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் சுண்ணாம்பு.

"நம்பாதவங்க நடுவுல அம்மன் நிக்க மாட்டா" என்று சாமி உள்ளே போனார். அம்மனோடு பின்வாசல் வழியாகப் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்தபோது சேகண்டியும் நாலு மூட்டை பனியனும்தான் இருந்தன. எல்லாம் எங்கள் கம்பெனி கழித்துப்போட்ட சரக்கு. ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினேன். தீய்த்தவனுக்குத் தெரியாதா?

டெம்போவில் திருமூர்த்தி, மயிலாளை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "நாளைக்கு நேரத்துலயே வந்துரு மயிலா" என்றார்.

"அப்படியே டேபிள் உயரத்தையும் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க மொதலாளி" என்றாள் நாகஜோதி பின்னாலிருந்து. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் கையத் தொங்கவிடவும் விடுங்க. மூணு நாள் யாகத்துக்கு இது தேவலைல்ல?"

மறுவாரமே நடந்தது.

நம் உடம்பில் அறுநூறுக்கு மேல் தசைகளாம். அழுத்திவிட்டால் சில தானாகவே தூக்கிக்கொள்கின்றன. மூளை தசை இல்லையாம். எவ்வளவு அழுத்தினாலும் அது தானாக எழும்பாது. நாமேதான் தூக்க வேண்டும். எனக்கு அதைத் தூக்க நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. நீங்கள் அதற்குள் முயன்று பாருங்கள்.