மூலத்தில் அப்படி இல்லை

தர்மபுரி மாவட்டத்தில் டிராகனுக்காகச் சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் 'மூலம்'தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. பகலில் சிமென்ட் கடையில் பில் போடுவார். மற்ற நேரமெல்லாம் தலையணை கனத்துக்கு மாயாஜால நாவலோ விண்வெளி நாவலோ படிப்பார். அதை யாராவது படமாகவோ சீரியலாகவோ எடுத்துத் தொலைத்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

ஒருமுறை தியேட்டரில் டிராகன் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மூலத்துல மூணு கொம்புங்க. இங்க ரெண்டுதான் இருக்குது" என்றார். பக்கத்து சீட் பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொம்பு வர்ற வரைக்குமா வுட்டு வெச்சிருந்தீங்க? சேலத்துல நல்ல டாக்டர் இருக்கறாரு, போயிப் பாருங்க." அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் அது.

அவருக்கென்று ஒரு சட்டமும் உண்டு. "ஒரு கதைக்கு ஒரு பொய்தான் தம்பி. டிராகன் பறக்குதுன்னு சொல்லு, நம்பறேன். அப்பறம் அதுக்குத் தீனி என்னா, எங்க படுக்கும், எல்லாம் கணக்கா இருக்கணும்" என்பார்.

வம்பு என் கல்யாணத்தில் வந்தது. பெண் ஸ்டெல்லா, மொரப்பூர்ப் பக்கம். நிச்சயம் முடிந்த கையோடு, தர்மபுரிக்கு வந்தவளை டீக்கடையில் இவருக்கு அறிமுகம் செய்தேன். என் கெட்ட நேரம், அவர் உயிரையே வைத்திருந்த ஏழு பாக டிராகன் நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது.

"புக்கும் கொஞ்சம் படிச்சேன்ணா. சீரியல்தான் தேவலாம்" என்றாள்.

மூலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். என்னைத் தனியாக அழைத்து, "இந்தக் கல்யாணத்துக்கு எனக்குத் தடை இருக்குது தம்பி. ஓலை வாசிக்கறப்ப எந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. யாரும் சொன்னதில்லை. ஆனால் என் வருங்கால மாமனார், சட்டை மடிப்பு சரியில்லை என்று ஒரு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர். ஒரு ஆள் எழுந்து நின்றால் போதும், எனக்கு ஸ்டெல்லா இல்லை. அவள் இல்லாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எந்தச் சாமியையும் கும்பிடாத மூலம், முதல் ஓலைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாவது ஓலைக்கு நடு பெஞ்சு. மூன்றாவது ஓலைக்கு முதல் வரிசை, அதுவும் கல்யாணச் சமையல் பேச வந்திருந்த மாமனாருக்குப் பக்கத்தில். பூசை வைத்தவர் மொரப்பூரிலிருந்து வந்திருந்த சாமியார். அவர் ஓலையை எடுத்தார். மூலத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் வாசித்த ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. முதுகு அசைந்தது. எழுந்தேவிட்டார்.

"சாமி, மூலத்துல அப்டி இல்லீங்க."

மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஷீலான்னு படிச்சிட்டீங்க. அது மொத பாகம், முடிஞ்சிருச்சு. இது ரெண்டாம் பாகம், ஸ்டெல்லா."

ஷீலா என்பது ஸ்டெல்லாவின் அக்கா. அவள் கல்யாணத்தை நடத்தி வைத்தவரே இந்தச் சாமியார்தான். வாய்ப் பழக்கத்தில் பழைய பெயர் வந்துவிட்டது. முதலில் சிரித்தவர் மாமனார். சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்டெல்லா என்று அழுத்தி வாசித்தார்.

வெளியே வந்ததும், "அப்ப அந்தத் தடை?" என்று கேட்டேன்.

"அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல பேரு சரியா இருக்கணும்ல" என்றார்.

கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு அவரைத்தான் அழைத்தோம். ஸ்டெல்லா குழம்பு ஊற்றிக்கொண்டே, "என்னாண்ணா, இன்னமும் எம்மேல கோவமா?" என்றாள்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த சீரியல முழுசாப் பாத்தேன் தங்கச்சி. நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

ஒரு கதைக்கு ஒரு பொய்தான் என்பவர் அவர். எங்கள் கதையில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.