பதினேழாவது தப்பு

ஆரணி டெய்லர் அருணகிரி ஒரு சபதம் எடுத்தார். மனைவி எல்லம்மாவின் சினிமாப் பைத்தியத்துக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிவு கட்ட வேண்டும். டூரிங் கொட்டகையில் படம் மாறுகிற அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பழைய சோறுதான்.

அந்த வாரம் ஓர் இங்கிலீஷ் பேய்ப் படம் வந்திருந்தது. காட்டில் உடம்பெல்லாம் சடை முளைத்த ராட்சசன். பாதம் மட்டும் முறம் அளவு. ஒரு தடவை பார்த்தால் போதும், மனைவி கொட்டகைப் பக்கமே தலைவைக்க மாட்டாள் என்று தீர்மானித்தார்.

"யாரு பயந்து பாதியில எழுந்து வர்றாங்களோ, அவங்க ஒரு வருஷம் கொட்டாய்க்குப் போவக் கூடாது. சரியா?"

"வெள்ளிக்கெழமை சோறும் அவங்கதான் ஆக்கணும். அதையும் சேத்துக்கங்க."

சேர்த்துக்கொண்டார்.

கொட்டகை நடுவே இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று இடைவேளை. படம் விட்டதும் இருவரும் வாசலில் சந்தித்தார்கள். இருவருமே பயப்படவில்லை என்றார்கள்.

மறுநாள் காலை, தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க லோகநாதன் வந்தான். அருணகிரி மெஷினை நிறுத்திவிட்டு அபிப்பிராயம் சொன்னார்.

"படமா அது? கோணிப்பையில சணலை ஒட்டி மாட்டி வுட்டிருக்கான். அக்குள்ல தையல் வுட்டுப்போச்சி. முதுகுல வரிசையா ஆறு பொத்தான். காட்டு ராட்சசனுக்குப் பின்னால நின்னு யாருப்பா பொத்தான் போட்டு வுட்டது? மொத்தம் பதினாறு தப்பு."

"பயமா இல்லியாண்ணே?"

"தையல் தெரிஞ்சவனுக்கு இன்னா பயம்?"

குழாயடியிலிருந்து அப்போதுதான் திரும்பிய எல்லம்மா, நாஷ்டாத் தட்டோடு வந்து நின்றாள்.

"கடைசில அது, செத்துப்போன ஆபீசரு சட்டைய மாட்டிக்கினு வந்துச்சே, அது எப்படிங்க?"

சட்டை என்றதும் அருணகிரிக்கு வாய் நிற்கவில்லை.

"அதை ஏன் கேக்கற. அதுக்குக் கழுத்து இருவது இஞ்சி. காலரு பதினஞ்சி. எப்படிப் பொத்தான் போட முடியும்? அது பதினேழாவது தப்பு."

எல்லம்மா தட்டை வைத்தாள். "அப்படி ஒரு சீனே இல்லீங்க."

லோகநாதன் பேன்ட்டால் வாயை மூடிக்கொண்டான்.

"ரெண்டாவது இடைவேளையிலயே எழுந்து வந்து ரெண்டு சோடா குடிச்சிட்டு, படம் முடிஞ்சிச்சா முடிஞ்சிச்சான்னு நாலு தபா கேட்டீங்களாமே. சோடாக்கடை சின்னப்பொண்ணு கொழாயாண்ட சொல்லிச்சி."

லோகநாதன் போகும்வரை அருணகிரி நூலைக் கோர்த்துக்கொண்டே இருந்தார். ஊசியின் காது அகப்படவில்லை.

"அந்தப் பாதம் இருக்கே எல்லம்மா," என்றார் மெதுவாக. "நேரா என்னைப் பாத்து வந்துச்சி."

"எனக்கும்தான் பயமா இருந்திச்சி. பக்கத்துல இருந்தவ கையப் புடிச்சிக்கினேன்."

"எனக்குப் புடிச்சிக்க யாரு இருந்தாங்க?"

எல்லம்மா கிட்டே வந்தாள். ஊசியை வாங்கி நூல் கோர்த்துக் கொடுத்தாள்.

"சரி, அந்த ஒரு வருஷக் கணக்க வுட்டுடறேன். அடுத்த வெள்ளிக்கெழமை சோத்த ஆக்கி வெச்சிட்டு நீங்களும் வாங்க. நான் கொட்டாய்க்காரராண்ட கேட்டுப் பாக்கறேன். கைக்கொழந்தைங்கள பொம்பளைங்க பக்கம் வுடறாங்க."