டீவிக்குப் பக்கத்தில் பீரங்கிக் குண்டு

நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதை விட, குண்டோடு ஒரே வீட்டில் குடியிருப்பது சுலபம் என்று நினைத்தவள் நான். சிரிக்கிறதானால் சிரியுங்கள். என் வீட்டில் எல்லோரும் எப்போதோ சிரித்தாகிவிட்டது.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் ஓசூரில் ஒரு உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் ஓட்டை உடைசலை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பனி விலகாத காலையில் நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே பித்தளை தனி, இரும்பு தனி என்று பிரிப்போம். (மற்றவர்கள் பேசுவார்கள். நான் கேட்பேன்.)

ஒரு நாள் குவியலில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு பித்தளைக் குவளை கிடைத்தது. மேஸ்திரியிடம் கேட்க வெட்கப்பட்டு ஒயர் கூடையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். (திருட்டு என்று தோன்றவில்லை. கேட்பதுதான் பெரிய குற்றமாகத் தோன்றியது.) புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று மின்னியது. தண்ணீர் ஊற்றி, ரோஜா வைத்து, டீவிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் வடக்கே எங்கேயோ பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துவிட்டது. ஆயுதச் சாமான் எதுவும் உடைசலோடு கலந்து நாட்டுக்குள் வரக்கூடாது, இனிமேல் துண்டு துண்டாக்கி, சான்றிதழோடுதான் வரவேண்டும் என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. மேஸ்திரி எங்களை நிற்கவைத்து ஒரு படம் காட்டினார்.

"இந்த மாதிரி எதையாச்சும் யாராச்சும் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

படத்தில் இருந்தது என் பூச்சாடி. ரோஜா மட்டும்தான் இல்லை.

நாற்பது பேர் நடுவில் எப்படிக் கையைத் தூக்குவது? ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த நேரத்தில் எனக்கு வேலையும் போய், பேரும் கெட்டால்? வீட்டுக்குப் போய் இன்னும் நாலு ரோஜா சேர்த்து வைத்து மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கல்லாவி என்ற ஊரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். (எந்தப் பிரிவு என்று தரகர் சொல்லவில்லை. பீரங்கிப் பிரிவு.) கேசரியை வாய்க்குக் கொண்டுபோனவர் டீவிப் பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பூச்சாடி ஏது?"

"ஃபாரினுங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. எல்லாரும் மெதுவா எந்திரிச்சி வெளிய போங்க. பொண்ணு பாக்கறது அப்பறம்."

தெருவில் நின்றோம். செல்வி பட்டுப்புடவையில், கையில் காபித் தட்டோடு. எதிர்வீட்டு ரத்னம்மா வந்து, "ஏனாய்த்தக்கா?" என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் கேட்டார். மாப்பிள்ளைப் பையன் தட்டிலிருந்து ஒரு காபியை எடுத்து ரத்னம்மாவிடம் கொடுத்தான். செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

உள்ளே மாப்பிள்ளையின் அப்பா ரோஜாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டி, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதோடு வெளியே வந்தார்.

"சுட்டு முடிச்ச வெறுங்கூடுதாம்மா, பயமில்ல. ஆனா வீட்ல வச்சிருக்கக் கூடாது. ஸ்டேஷன்ல குடுத்துடலாம், வாங்க."

இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

"எங்கம்மா கெடச்சுது?" என்றார் எஸ்.ஐ. என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வாயத் தொறந்து சொல்லும்மா!"

"அதட்டாதீங்க சார்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "எங்க சம்பந்தியம்மாவுக்குக் கூச்ச சுபாவம்."

"சம்பந்தியா?" என்று கத்திவிட்டேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. ஒயர் கூடை, புளி, மேஸ்திரி காட்டிய படம், தட்டிப்போன ரெண்டு இடம், எல்லாம் சொன்னேன். எஸ்.ஐ.தான் கடைசியில் "போதும்மா, போதும்" என்று தண்ணீர் கொடுத்தார். மேஸ்திரி மறுநாள் திட்டினார். வேலை போகவில்லை.

சம்பந்தி காலமாகி இப்போது ரெண்டு வருஷம். அவர் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் மண்டபம் எது என்று யாரும் கேட்பதில்லை. "எந்த ஸ்டேஷன்ல?" என்றுதான் கேட்கிறார்கள்.